அலக்நந்தா: தொலைவில் ஒரு சுருள் மண்டலம்

வானில் நாம் காணும் ஒளி யாவும் பழைய ஒளியே. கதிரவனின் ஒளி எம்மை வந்தடைய எட்டு நிமிடங்களுக்கு மேலாகின்றது. 2025 ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியாவின் புனே நகரிலிருந்து அறிவிக்கப்பட்ட 'அலக்நந்தா' என்னும் விண்மீன் மண்டலத்தின் ஒளியோ ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுகள் பயணஞ் செய்து வந்ததாகும்.

சுருள் மண்டலங்களின் வரலாறு அயர்லாந்தில் தொடங்குகின்றது. 1845 ஆம் ஆண்டு ரோஸ் பிரபு தமது பிர் கோட்டை வளவில் ஆறடி விட்டமுள்ள ஆடி பொருத்திய தொலைநோக்கியை நிறுவி, மங்கலான முகில்போல் தோன்றிய ஒன்றைச் சுருள் வடிவினதாக வரைந்து காட்டினார். அவ்வாண்டே அந்நாட்டின் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றது. தொடர்ந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதே அளவினர் நாடு நீங்கினர். வானாய்வும் தடைப்பட்டது. ஆர்ச்வேயில் எமக்கு முன்னே வந்து குடியேறிய ஐரிஷ் குடும்பங்கள் இத்துயரை நன்கறிவர்.

அக்காலத்தில் எமது வட்டுக்கோட்டைச் செமினறியிலும் வானியல் கற்பிக்கப்பட்டது. அதன் அதிபராயிருந்த ஹொய்சிங்ரன் பாதிரியார், தமிழ் வானநூல் ஒன்றை ஆங்கில மொழிபெயர்ப்புடனும் விளக்கக் குறிப்புகளுடனும் 1848 இல் யாழ்ப்பாணத்தில் அச்சேற்றினார். இத்துறை எமக்கு அந்நியமானதன்று.

ரோஸ் பிரபு கண்டவை போன்ற சுருள்கள் எமது பால்வீதிக்கு அப்பாலுள்ள தனி மண்டலங்களே என்பது, 1923 இல் அமெரிக்கரான எட்வின் ஹபிள் அன்ட்ரொமீடாவில் ஒளி மாறும் விண்மீனொன்றைக் கண்டபின்னரே உறுதியாயிற்று.

அலக்நந்தாவைக் கண்டவர்கள் தேசிய வானொலி வானியற்பியல் மையத்தின் ஆய்வு மாணவி ராஷி ஜெயினும் பேராசிரியர் யோகேஷ் வடடேகரும் ஆவர். பால்வீதிக்கு இந்தியில் மந்தாகினி என்று பெயர். இமயத்தில் மந்தாகினியோடு கலக்கும் ஆறு அலக்நந்தா. அதனாலேயே இப்பெயர்.

பேரண்டம் தோன்றி 150 கோடி ஆண்டுகளே கழிந்த காலத்தின் தோற்றத்தையே நாம் இன்று காண்கின்றோம். அத்துணை இளம் பருவத்து மண்டலங்கள் ஒழுங்கற்றவையாகவே இருக்குமென்று அறிஞர் பலர் கருதியிருந்தனர். அலக்நந்தாவோ தெளிவான இரு சுருட்கரங்களுடன், ஏறத்தாழ 30,000 ஒளியாண்டு அகலத்துடன் விளங்குகின்றது. அதன் விண்மீன்களின் மொத்தத் திணிவு சுமார் ஆயிரம் கோடி சூரியன்களுக்கு நிகரானது.

இதனைப் படம்பிடித்தது 2021 இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி. அது புனேயினருக்குச் சொந்தமானதன்று. ஆய்வாளர் யாவருக்கும் திறந்து வைக்கப்பட்ட தரவுகளை அவர்கள் பொறுமையுடன் ஆராய்ந்தனர், அவ்வளவே. வைத்தியம், கணக்கியல் என்னும் இரு வாயில்களை மட்டுமே பிள்ளைகளுக்குக் காட்டும் பெற்றோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். உடைமைகள் அனைத்தையும் விட்டு வந்த எமக்கு, கல்வியே எஞ்சிய முதல். அம்முதலை எவ்வழியில் இடுவதென்று தீர்மானிக்கும் உரிமையிற் பாதியேனும் எமது பிள்ளைகளுக்கு உண்டு.