‘அவர் எப்பவுமே லேட்டு’: ஆபீஸில் ஒருவர் மீது முத்திரை விழுவது எப்படி?

காலை 10 மணி மீட்டிங்குக்கு சக ஊழியர் 15 நிமிடம் தாமதமாக வருகிறார். ‘பொறுப்பே இல்ல’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறோம். மறுநாள் நாமே தாமதமானால்? ‘சில்க் போர்டுல செம டிராஃபிக்!’

அடுத்தவர் செய்தால் குணம், நாம் செய்தால் சூழ்நிலை. இந்தப் பாரபட்சம் அப்ரைசலில் புகுந்தால், சம்பள உயர்வையே பாதிக்கலாம்.

எங்கே தவறுகிறோம்?

1967-ல் அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் இருவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பது எழுதியவரின் விருப்பம் அல்ல என்று சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவருக்கு காஸ்ட்ரோ மீது அபிமானம் அதிகம் என்றே மாணவர்கள் கணித்தார்கள். சூழ்நிலையை விட்டுவிட்டு ஆளின் குணத்தில் காரணம் தேடும் இந்தப் போக்குக்கு, 1977-ல் லீ ராஸ் ‘ஃபண்டமென்டல் ஆட்ரிபியூஷன் எரர்’ என்று பெயர் வைத்தார்.

ஹாலோ எஃபெக்ட் என்றால்?

ராணுவ அதிகாரிகள் தங்கள் வீரர்களுக்குக் கொடுத்த மதிப்பீடுகளை 1920-ல் எட்வர்ட் தார்ண்டைக் ஆராய்ந்தார். உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு என்று தனித்தனியாக மதிப்பிடச் சொல்லியும், ஒன்றில் உயர்ந்தவருக்கு மற்றவற்றிலும் உயர்ந்த மதிப்பீடே கிடைத்திருந்தது. நம் ஆபீஸில் பிரசன்டேஷன் நல்லா பண்றவர், மற்ற வேலையிலும் கில்லி என்று பெயர் வாங்குவதும் இப்படித்தான்.

நம்மை நாம் எப்படிப் பார்க்கிறோம்?

அடுத்தவர் கண்ணில் எப்படித் தெரிகிறோம் என்று நாம் நினைப்பதை வைத்தே நம் சுயபிம்பம் உருவாகிறது என்றார் சமூகவியலாளர் சார்லஸ் கூலி (1902). ‘அவர் ரொம்ப அமைதி, கிளையன்ட் காலுக்கு செட் ஆகமாட்டார்’ என்று கேட்டுக் கேட்டு, நாமும் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறோம். கடைசியில் அதுவே அந்த முத்திரைக்கு ஆதாரமாகிவிடுகிறது.

என்ன செய்யலாம்?

ஒருவரை எடைபோடும் முன் ஹரால்ட் கெல்லியின் கோட்பாட்டிலிருந்து மூன்று கேள்விகள் கேட்கலாம்:

* இதே வேலையில் மற்றவர்களும் தடுமாறுகிறார்களா?
* இவர் மற்ற வேலைகளிலும் தடுமாறுகிறாரா?
* இது ஒருமுறை நடந்ததா, அடிக்கடி நடக்கிறதா?

எல்லோருமே தடுமாறினால் கோளாறு வேலையில் இருக்கலாம். இவர் மட்டும், எல்லா வேலையிலும், அடிக்கடி என்றால்தான் ஆளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அப்ரைசலில் ‘நீங்க ப்ரோஆக்டிவ் இல்ல’ என்று உங்களிடம் சொன்னால், ‘எந்த வேலையில, எப்போ?’ என்று நிதானமாகக் கேளுங்கள். குறிப்பிட்ட சம்பவம் என்றால் விளக்கம் சொல்லலாம், திருத்திக்கொள்ளவும் செய்யலாம்.