பேக்பேக்கர் வரி: விருந்தாளியா, குடியிருப்பவரா?

ஒருவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை அவருடைய பாஸ்போர்ட் சொல்லிவிடும். ஆனால் வரி கட்டும்போது அவர் எங்கே 'குடியிருப்பவர்' என்பதை பாஸ்போர்ட் சொல்லாது, வருமான வரிச் சட்டம்தான் சொல்லும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை வைத்து ஆஸ்திரேலியாவில் ஆறு வருடம் ஒரு சண்டை நடந்தது.

'வேலையுடன் விடுமுறை' விசாவை அந்த நாடு 1975-ல் தொடங்கியது. முதலில் பிரிட்டன், அயர்லாந்து, கனடா இளைஞர்களுக்கு மட்டும். பிறகு பல நாடுகள் சேர்ந்தன. முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஒரு வருடம் ஊர் சுற்றலாம், கைச்செலவுக்கு வேலையும் பார்க்கலாம். நாளடைவில் இவர்கள் இல்லாமல் பழம் பறிக்க ஆளே இல்லை என்ற நிலை பல தோட்டங்களில் வந்துவிட்டது. 2005-ல் அரசே ஒரு தூண்டில் போட்டது. கிராமப்புறத்தில் மூன்று மாதம் வேலை செய்தால் இரண்டாவது வருடத்துக்கும் விசா!

இவர்களுக்கு என்ன வரி? 2012-லிருந்து ஆஸ்திரேலியாவில் குடியிருப்பவருக்கு முதல் 18,200 டாலருக்கு வரி கிடையாது. குடியிருக்காதவருக்கோ அப்போது முதல் டாலரிலிருந்தே 32.5 சதவீதமாக இருந்தது. எனவே பேக்பேக்கர்கள் பலர் தங்களைக் குடியிருப்பவர் என்றே காட்டிக் கணக்குத் தாக்கல் செய்தார்கள். 183 நாள் தங்கினால் போதும் என்பது அவர்கள் நம்பிக்கை. 1936-ம் வருடச் சட்டத்தில் 183 நாள் விதி இருப்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு வால் உண்டு. வழக்கமான வீடு வெளிநாட்டில் இருந்து, இங்கே குடியேறும் எண்ணமும் இல்லை என்றால் நாள் கணக்கு செல்லாது. தோட்டம் தோட்டமாகப் போகிறவர் இதில் தேறுவது கடினம்.

2015 மே மாத பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜோ ஹாக்கி இந்தக் குழப்பத்தை ஒரே வெட்டாக வெட்டப் பார்த்தார். இந்த விசாவில் வருபவர் எல்லோருமே குடியிருக்காதவர்தான், 32.5 சதவீதம் கட்டட்டும் என்றார். விவசாயிகள் கொதித்தார்கள். இங்கே இவ்வளவு பிடித்தால் பிள்ளைகள் நியூசிலாந்துக்குப் போய்விடுவார்கள் என்பது அவர்கள் பயம். பிறகு நடந்தது காய்கறிச் சந்தை பேரம்தான். அடுத்த நிதியமைச்சர் ஸ்காட் மாரிசன் 19 சதவீதத்துக்கு இறங்கினார். செனட்டர் ஜாக்கி லாம்பி, நியூசிலாந்தின் ஆரம்ப விகிதமான 10.5 போதும் என்று பிடிவாதம் பிடித்தார். கடைசியில் 2016 டிசம்பரில் பசுமைக் கட்சி ஆதரவுடன் 15 சதவீதத்தில் முடிந்தது. 2017 ஜனவரி 1 முதல் அமல்.

இந்தச் சட்டம் யாரையும் 'குடியிருக்காதவர்' என்று அறிவிக்கவில்லை. குடியிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இந்த விசா கையில் இருந்தால் 37,000 டாலர் வரை 15 சதவீதம் என்றது. அந்த நேரத்தில் 20,000 டாலர் சம்பாதித்த ஆஸ்திரேலியருக்கு வரி 342 டாலர். குறைந்த வருமானச் சலுகையைக் கழித்தால் அதுவும் இல்லை. அதே 20,000-க்கு பேக்பேக்கர் கட்ட வேண்டியது 3,000 டாலர்.

2015-ல் சிட்னிக்கு வந்து ஹோட்டல்களில் உணவு பரிமாறிய ஓர் ஆங்கிலேயப் பெண் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். அவர் சிட்னியில் ஒரே வீட்டில் மற்றவர்களோடு சேர்ந்து பல மாதம் வாழ்ந்தவர். வரிச் சட்டப்படி குடியிருப்பவர்தான். 2003-ல் ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் செய்த இரட்டை வரி ஒப்பந்தத்தின் 25-வது பிரிவை அவர் தரப்பு எடுத்துக் காட்டியது. ஒரே சூழ்நிலையில் இருக்கும்போது நாட்டினத்தைக் காரணம் காட்டி அதிக வரி போடக்கூடாது என்கிறது அது.

2019-ல் ஜெயித்தார். 2020-ல் அப்பீலில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றார். அதிக வரிக்குக் காரணம் விசாதான், நாட்டினம் அல்ல என்றது பெரும்பான்மை. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான வாதம்தான். ஆனால் அந்த விசாவை ஓர் ஆஸ்திரேலியர் வாங்கவே முடியாதே! 2021 நவம்பர் 3-ல் ஹைகோர்ட்டின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதைத்தான் சொன்னார்கள் (அந்த நாட்டில் உச்சியில் இருக்கும் நீதிமன்றத்தின் பெயரே ஹைகோர்ட்தான்). அதே வேலையை, அதே சம்பளத்துக்கு, அதே ஊரில் இருந்து செய்த ஆஸ்திரேலியர் கட்டாத வரியை இவரிடம் வாங்கியது பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது.

ஆனாலும் வரி ஒழியவில்லை. இப்படிப் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே தீர்ப்பு பொருந்தும். பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், நார்வே, பின்லாந்து, சிலி, துருக்கி, இஸ்ரேல் என்று வரித்துறை பட்டியல் போட்டது. அந்த நாட்டவரிலும் குடியிருப்பவர் என்று தேறியவருக்குத்தான் பலன். ஒரே ஊரில் வீடெடுத்துத் தங்கிப் பரிமாறும் ஆங்கிலேயருக்கு 18,200 டாலர் விலக்கு கிடைத்தது. அவர் நண்பர் பையைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஆப்பிள் பறித்தால் 15 சதவீதம்தான். பக்கத்து மரத்தில் பறிக்கும் பிரெஞ்சுக்காரர் வருடம் முழுக்க அதே ஊரில் வாழ்ந்தாலும் அவருக்கும் 15 சதவீதம்தான்.