முதலில் விலையைத்தான் பேசினார்கள்

ஹஜ்ஜுக்குப் போவதென்றால் மூளைக்காய்ச்சல் ஊசி கட்டாயம். 1987 ஹஜ்ஜில் 'ஏ' வகைக் கிருமி ஹாஜிகளிடையே பரவிய பிறகு வந்த சட்டம் அது. நாம் ஊசியைப் போட்டுக்கொண்டு மறந்துவிடுகிறோம்.

ஆனால் அதே கிருமி செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை ஊர் ஊராக உயிர்களை எடுத்துக்கொண்டிருந்தது. 1996-97இல் மட்டும் நோய் கண்டவர்கள் 250,000க்கும் மேல். மௌத்தானவர்கள் 25,000 பேர். பழைய தடுப்பூசி சின்னப் பிள்ளைகளுக்குச் சரிவர வேலை செய்யாது, சில வருடங்களில் பலனும் போய்விடும். நீடித்துப் பலன் தரும் புதிய முறை இருக்கத்தான் செய்தது. 1999இல் பிரித்தானியா தன் பிள்ளைகளுக்கு 'சி' வகைக்கு அந்த முறையில் ஊசி போட்டது. 'ஏ' வகைக்கு யார் செய்வார்? வாங்குபவர்கள் ஏழைகளாயிற்றே!

2001இல் உலக சுகாதார நிறுவனமும் பாத் அமைப்பும் இதைக் கையிலெடுத்தபோது, ஆபிரிக்க அதிகாரிகள் முதலில் பேசியது விலையை. ஒரு ஊசி அமெரிக்க 50 சதத்தைத் தாண்டக்கூடாது. பெரிய கம்பனிகள் ஒத்துவரவில்லை. பூனேயின் சீரம் நிறுவனம் சம்மதித்தது. தயாரிப்பு நுட்பத்தை அமெரிக்க அரசின் விஞ்ஞானிகள் கொடுத்தார்கள்.

2010 டிசம்பரில் புர்கினா பாசோவில் தொடங்கினார்கள். அன்றைய நம் காசுக்கு ஏறத்தாழ 55 ரூபா. 1 முதல் 29 வயது வரை ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்கு, சில நாட்களுக்குள். 2017க்குப் பிறகு அந்தப் பகுதியில் 'ஏ' வகை உறுதியான ஒரு நோயாளிகூட இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மற்ற வகைகள் ஓயவில்லை. ஐந்து வகைக்கும் சேர்த்து அதே பூனேயில் செய்த ஊசியை 2024இல் நைஜீரியா போடத் தொடங்கியது.