அளவும் பெயரும்: கொடைக்காகத் தைத்த போர்வைகளின் வரலாறு

1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் ஒட்டுத்துணிப் போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டுக் காட்சிக்கு வைத்தது. ஜோனதன் ஹோல்ஸ்டைனும் கெய்ல் வான் டெர் ஹூஃபும் தொகுத்த அந்தக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கக் குயில்ட் ஒரு கலைப்பொருளாக மதிக்கப்பட்டது. வண்ணச் சேர்க்கையும் வடிவியலும் தையல் நுணுக்கமும் ஆய்வுக்கு வந்தன. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் பெருந்தொகையான போர்வைகள் அந்தப் பார்வைக்கு வெளியே நின்றுவிட்டன. முன்பின் அறியாத ஒருவருக்குக் கொடுப்பதற்கென்றே பலர் கூடித் தைத்த போர்வைகள் அவை. நன்றாக உழைத்ததனாலேயே அவை மிஞ்சவில்லை. மருத்துவமனைகளில் துவைத்துத் துவைத்து நைந்தன, முகாம்களில் கிழிந்தன, சில, இறந்த வீரரோடு மண்ணுக்குள் போயின. பெட்டியில் மடித்து வைத்துப் பாதுகாத்த கல்யாணப் போர்வைகளே பெரும்பாலும் அருங்காட்சியகங்களை எட்டின.

மிஞ்சிய சிலவற்றையும் அவற்றைத் திரட்டிய அமைப்புகளின் அறிவுறுத்தல்களையும் சேர்த்துப் படித்தால் இரண்டு தடயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, போர்வைக்கு விதித்த அளவு. மற்றொன்று, அதன்மேல் எழுதிய பெயர். யாருடைய உடலை மனத்தில் வைத்துத் தைக்கச் சொன்னார்கள் என்பதை அளவு காட்டும். தைத்தவர்கள் யாரோடு பேச ஆசைப்பட்டார்கள் என்பதைப் பெயர் காட்டும். ஏராளமானோரின் குளிரைப் போக்க வேண்டிய கட்டாயத்துக்கும் ஒரே ஒருவருக்கு ஆறுதல் சொல்லும் விருப்பத்துக்கும் இடையிலான இழுபறியே இந்தக் கைப்பணியின் வரலாறு என்று கருதுகிறேன்.

சந்தையிலிருந்து போர்க்களத்துக்கு

போர்வையைத் தைத்து நேரே கொடுப்பதற்கு முன்பே, தைத்து விற்று அந்தப் பணத்தைக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 1836 டிசம்பரில் பாஸ்டனில் அடிமை ஒழிப்பு இயக்கப் பெண்கள் நடத்திய சந்தைக்கு ஒரு தொட்டில் போர்வை வந்தது. எழுத்தாளர் லிடியா மரியா சைல்டின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்தப் போர்வை முழுதும் நட்சத்திரக் கட்டங்கள். தன் பிள்ளையைப் போர்த்தும் தாய், பிள்ளை பறிக்கப்பட்ட அடிமைத் தாயையும் நினைக்க வேண்டும் என்று வேண்டும் வரிகள் அதில் மையால் எழுதப்பட்டிருந்தன. ஊசி எப்போதும் நியாயத்தின் பக்கமே நின்றது என்று இதைக் கொண்டு முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862இல், தென் மாநிலப் பெண்களும் போர்வைகளை விற்றுக் கவசப் போர்க்கப்பல்களுக்குப் பணம் திரட்டினார்கள். சார்ல்ஸ்டனில் அப்படிப் பெண்கள் திரட்டிய நிதியின் துணையோடு கட்டிய 'பால்மெட்டோ ஸ்டேட்' கப்பலைப் 'பெண்களின் பீரங்கிக் கப்பல்' என்றே அழைத்தார்கள். அடிமை முறையைக் காக்க எழுந்த அரசுக்கு அந்தக் கப்பல் போனது.

அந்தப் போர் மூண்டதுமே கொடுக்கும் முறை மாறியிருந்தது. 1861 ஜூனில், வட மாநில வீரர்களுக்கான நிவாரண அமைப்பாக, அமெரிக்க சானிட்டரி கமிஷன் அமைந்தது. அதற்கு முன்பே ஏப்ரலில் நியூயார்க்கில் பெண்கள் கூடி மத்திய நிவாரணச் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். முன்னோடி மருத்துவர் எலிசபெத் பிளாக்வெல் அதில் முக்கியப் பங்கு வகித்தார். ஊர்தோறும் எழுந்த உதவிச் சங்கங்கள் போர்வை, கட்டுத்துணி, சட்டை, உணவு ஆகியவற்றைத் திரட்டின. அவை சிகாகோ, கிளீவ்லேண்ட், சின்சினாட்டி போன்ற நகரங்களின் கிடங்குகளில் பிரிக்கப்பட்டு, கமிஷனின் முத்திரை குத்தப்பட்டு, மருத்துவமனைகளுக்குப் போயின. சிகாகோக் கிளையை மேரி லிவர்மோரும் ஜேன் ஹோஜும் நடத்தினார்கள்.

நாம் தேடும் அளவு முதன்முதலில் திட்டவட்டமாகக் கிடைப்பது இங்கேதான். 7 அடி நீளம், 50 அங்குல அகலம். இது ராணுவ மருத்துவமனையின் ஒற்றைக் கட்டிலுக்குரிய அளவு. வீட்டில் இருவர் படுக்கும் கட்டிலுக்குத் தைத்த போர்வை அங்கே தரையில் புரளும். குடும்பத்துக்கென்று இருந்த கைப்பழக்கம் தனியே படுத்திருக்கும் காயம்பட்ட ஓர் ஆணின் உடலுக்காகத் தன்னைக் குறுக்கிக்கொண்டது. வட மாநில வீரர்களுக்குப் போனவை 2,50,000 வரை இருக்கும் என்று போர்வை வரலாற்றாய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். இன்று கையில் இருப்பவை மிகச் சில.

அந்தச் சிலவற்றில் ஒன்று ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெய்ன் மாநிலத்தின் அகஸ்டா ஊரில் சூசன்னா புல்லனும் அவருடைய ஞாயிறுப் பள்ளி மாணவியரும் 1863இல் தைத்தது. நட்சத்திரக் கட்டங்களுக்குள் மையால் நிறைய எழுதியிருக்கிறார்கள்: வேத வசனங்கள், அறிவுரைகள், விடுகதைகள். படுத்தபடியே ஒருவர் நாள் முழுதும் வாசித்துக்கொண்டிருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது, இதைப் போர்த்தும் வீரர்கள் தங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றும், போருக்குப் பின்னும் போர்வை இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் அவர்கள் அதிலேயே கேட்டுக்கொண்டது. வாஷிங்டனின் கார்வர், ஆர்மரி ஸ்கொயர் மருத்துவமனைகளில் அது பயன்பட்டது. வீரர்கள் எழுதிய பதில்கள் அகஸ்டாவுக்கு வந்தன. போர்வையும் வீடு திரும்பியது. கிடங்கும் முத்திரையும் கொடுத்தவரையும் பெற்றவரையும் பிரித்து வைத்திருந்தன. அந்த இடைவெளியைத் தாண்ட ஒரு வகுப்புப் பிள்ளைகள் துணியையே அஞ்சலாக்கிக்கொண்டார்கள்.

முதல் உலகப் போரில் பெயருக்கு விலை வந்தது. 'தி மாடர்ன் பிரிசில்லா' இதழ் 1917 டிசம்பரில் ஒரு திட்டத்தை வெளியிட்டது. சிறு தொகை கொடுப்பவரின் பெயரைப் போர்வையில் பின்னி, அப்படி 1,000 டாலர் வரை செஞ்சிலுவைச் சங்கத்துக்குத் திரட்டலாம் என்றது. பல ஊர்கள் இதைச் செய்தன. அந்தப் பெயர்கள் கொடுத்தவர்களுடையவை. போர்வை யாரையும் போர்த்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

குண்டுவீச்சும் சிறையும்

இரண்டாம் உலகப் போரில் கனடியப் பெண்கள் தேவாலயக் குழுக்கள் வழியாகவும் பெண்கள் கழகங்கள் வழியாகவும் தைத்துக் குவித்தார்கள். ஒண்டாரியோவின் ஸ்டோனி கிரீக்கில் 1897இல் பிறந்த பெண்கள் கழகம் அதற்குள் கிராமப்புறமெங்கும் வேரூன்றியிருந்தது. பிரிட்டனுக்குப் போன போர்வைகள் சுமார் 4,00,000 என்ற மதிப்பீடு உண்டு. பழைய கோட்டுத் துணி, கம்பளித் துண்டு என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் அவற்றில் சேர்ந்தது. 1938இல் ரெடிங் சீமாட்டி தொடங்கிய மகளிர் தொண்டர் படை, குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்கு அவற்றை விநியோகித்தது. ஓரத்தில் கனடியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அன்பளிப்பு என்னும் சிறு துணிச்சீட்டு. தைத்தவளின் பெயர் பெரும்பாலும் இல்லை. பெற்ற குடும்பங்களில் பல, போர் முடிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்தப் போர்வையை வைத்திருந்தன. அடையாளம் காண உதவியது அந்தச் சீட்டுதான்.

சிங்கப்பூரில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. 1942 பிப்ரவரி 15இல் நகரம் ஜப்பானியர் கையில் விழுந்ததும் சாங்கிச் சிறையில் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 400 பேர் அடைக்கப்பட்டார்கள். ஆண்கள் தனியே. கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது, அவனுக்கும் அப்படியே. எதெல் முல்வனி என்ற கனடியப் பெண் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொருத்திக்கும் ஆறு அங்குல வெள்ளைத் துணிச் சதுரம் ஒன்று. அதில் தன்னைப் பற்றிய ஏதோ ஒன்றையும் தன் பெயரையும் பின்ன வேண்டும். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள் கொண்ட மூன்று போர்வைகள் உருவாயின. ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு, மூன்றாவது காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு. மூன்றாவது இருந்ததால்தான் மற்ற இரண்டும் சிறைச் சுவரைத் தாண்ட முடிந்தது என்று கருத இடமுண்டு. மருத்துவமனையில் கிடந்தவர்களுக்கு அந்தச் சதுரங்கள் உயிரோடிருப்பவர்களின் பட்டியல். இன்று இரண்டு போர்வைகள் கான்பெராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன.

போருக்குப் பின்

1945இல் அமெரிக்க லூத்தரன் சபைகள் லூத்தரன் உலக நிவாரண அமைப்பைத் தொடங்கின. மென்னோனைட் கிறித்தவச் சபைகளுக்காக 1920இல் பிறந்த மென்னோனைட் மத்தியக் குழுவும் நிவாரணப் பணியில் இருந்தது. இரண்டுக்கும் உரிய போர்வை அளவு 60 × 80 அங்குலம். கட்டிலே இல்லாதவருக்கான அளவு இது. பெற்றவர்கள் அதைப் போர்த்திக்கொள்வதோடு நிற்பதில்லை. தரையில் விரிக்கிறார்கள், வெயிலுக்குக் கூரையாகக் கட்டுகிறார்கள், ஒரே அறையில் தங்கும் இரு குடும்பங்களுக்கு நடுவே திரையாகத் தொங்கவிடுகிறார்கள், பிள்ளையைச் சேர்த்து முதுகில் கட்டிக்கொள்கிறார்கள். லூத்தரன் அமைப்பு மட்டுமே ஆண்டுதோறும் லட்சத்துக்கும் மேற்பட்ட போர்வைகளை அனுப்புகிறது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் பெயருக்கு இடமில்லை.

பெயர் வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. 1985இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த மெழுகுவத்தி ஊர்வலத்தில், எய்ட்ஸால் இறந்தவர்களின் பெயர் எழுதிய அட்டைகளை அரசுக் கட்டடச் சுவரில் ஒட்டினார்கள். அது செயல்பாட்டாளர் கிளீவ் ஜோன்ஸ் கண்ணுக்கு ஒட்டுத்துணிப் போர்வையாகத் தெரிந்தது. 1987 அக்டோபர் 11இல் வாஷிங்டன் திடலில் விரித்த எய்ட்ஸ் நினைவுப் போர்வையில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஒரு கல்லறையின் அளவு. சிலரை அடக்கம் செய்யவே ஆள் வராத காலம் அது. இன்று சுமார் 50,000 துண்டுகள் சேர்ந்துள்ளன.

மறு ஆண்டே, 1988இல், நியூஹாம்ப்ஷயரில் எலன் ஆல்கிரன் எச்.ஐ.வி. தொற்றோடு பிறந்த கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் போர்வை தைக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். 1995இல் கொலராடோவின் டென்வரில் கேரன் லூக்ஸ், புற்றுநோய் சிகிச்சையின்போது தன் போர்வையை விடாமல் பிடித்திருந்த ஒரு சிறுமியைப் பற்றிப் பத்திரிகையில் படித்தார். அதிலிருந்து பிறந்தது 'புராஜெக்ட் லைனஸ்'. பெயர், 'பீனட்ஸ்' படக்கதையில் போர்வையைக் கைவிடாத சிறுவனுடையது. சூடேற்றிய மருத்துவமனை அறையில் குளிர் பெரிய பிரச்சினை அல்ல. போர்வையின் வேலையே மாறிவிட்டது: பயந்திருக்கும் பிள்ளைக்குத் துணையிருப்பது. ஆறுதலை மட்டுமே நோக்கமாகக் கொண்ட கொடைப் போர்வை தனி வகையாக நிலைபெற்றது இந்தப் பத்தாண்டுகளில்தான்.

2003இல் கேத்தரின் ராபர்ட்ஸ் தொடங்கிய 'குயில்ட்ஸ் ஆஃப் வேலர்' இரு தடயங்களையும் ஒன்றாக்கியது. மகன் ஈராக்கில் போர்முனையில் இருந்த தாய் அவர். இங்கே அளவுக்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் உண்டு: 55 × 65 முதல் 72 × 90 அங்குலம் வரை. மேல்துணியை இணைத்தவர், பஞ்சு அடுக்கோடு சேர்த்து நூலோட்டியவர், ஓரம் மடித்துத் தைத்தவர் என எல்லோர் பெயரும் பின்புறச் சீட்டில் இடம்பெறும். போர்வையைக் கூரியரில் அனுப்பிக் கடமை முடித்துக்கொள்வதை விட, வீரரை நிற்க வைத்துத் தோளில் போர்த்துவதையே விரும்புகிறார்கள். இதுவரை 3,00,000க்கும் மேற்பட்டவர்கள் பெற்றிருக்கிறார்கள். 1863இல் அகஸ்டாப் பிள்ளைகள் கடிதத்தால் தேடிய முகம் இங்கே எதிரே நிற்கிறது.

மென்னோனைட் குழு வேறு வழியில் நிற்கிறது. தன் நூற்றாண்டை ஒட்டி 2020 ஜனவரி 18இல் 6,500 போர்வைகளுக்கு முடிச்சுப் போடத் தன்னார்வலர்களை ஊர் ஊராகக் கூட்டியது. அடுக்குகளை இணைக்கும் நூலோட்டம் பழக ஆண்டுகள் பிடிக்கும். முடிச்சுக்கு அந்தப் பழக்கம் வேண்டாம். ஊசியைக் கீழே இறக்கி, மேலே எடுத்து, முடிச்சிட்டால் போதும். அதனால் சிறுவர்களும், வாழ்நாளில் ஊசியே பிடிக்காத பெரியவர்களும் போர்வையை விரித்துக் கட்டிய மரச்சட்டத்தைச் சுற்றி உட்கார முடிகிறது. தைத்தவர் பெயரும் பெறுபவர் பெயரும் எழுதப்படுவதில்லை. ஆனாலும் பெறப்போகும் ஆளை அவர்கள் மறந்துவிடவில்லை. ராணுவ உடையின் உருமறைப்பு வடிவம் அச்சிட்ட துணியைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். போர்வையைப் பெறப்போகிறவர் அந்த உடைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடி வந்தவராக இருக்கலாம்.