மைக்செட் எந்தத் தெருவைப் பார்க்கிறது?

விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1997இல் தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியது அன்றைய தி.மு.க. அரசு. கட்டபொம்மனின் தளபதியாக நின்று வெள்ளையரை எதிர்த்து மாண்ட தேவேந்திர குலத்து வீரர் அவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியாரில் ஒரு பகுதியினர் மறுத்தார்கள். மறியலும் கல்வீச்சும் தென்மாவட்டக் கலவரமாக மூண்டன. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது. 1985இல் பிறந்த காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது அப்படித்தான். வண்டியின் நெற்றியில் எழுதிய ஒரு பெயருக்கே இந்தப் பாடு பட்ட மண்ணில், ஒரு சாதியின் பெருமையைத் தாளம் போட்டுச் சொல்லும் சினிமாப் பாட்டை வெறும் பாட்டு என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

1992 தீபாவளிக்கு வந்த ‘தேவர் மகன்’ படத்தில் வாலி எழுதி இளையராஜா இசையமைத்த ‘போற்றிப் பாடடி பொண்ணே’ என்ற, தேவர் பெருமை பாடும் பாட்டைப் பற்றிய சர்ச்சை முப்பது ஆண்டுகளாக ஓயவில்லை. படத்தின் தரப்பில் நிற்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அந்தக் கதையில் பகை ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகளுக்குள்தான். வேறு சாதி எதிரியாக நிறுத்தப்படவில்லை. அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று ஊராரிடம் மன்றாடிவிட்டுத்தான் நாயகன் சிறைக்குப் போகிறான். ஆனால் மைக்செட்காரரின் பெட்டிக்குள் போனது படம் இல்லை, கேசட். இரண்டரை மணி நேரக் கதை சொல்லும் மனவருத்தம் அதில் கிடையாது; சில நிமிடப் புகழ்ச்சி மட்டுமே உண்டு. கொடையிலும் பொங்கலிலும் கல்யாண வீட்டிலும் குருபூசைக்குப் போகும் வண்டியிலும் அது ஒலித்தபோது, மரக்கிளையில் கட்டிய குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதுதான் பாட்டின் பொருளைத் தீர்மானித்தது. காலனிப் பக்கம் திரும்பிய குழாயிலிருந்து வருவது பாட்டாக இருக்காது, அறிவிப்பாகத்தான் இருக்கும். இதைக் கேட்டு வளர்ந்தவர்களின் தரப்பை, படத்தை எழுதி நடித்த கமல்ஹாசனுக்கு எழுதிய திறந்த மடலில் சொன்னவர் இயக்குநர் மாரி செல்வராஜ். 2023இல் தன் ‘மாமன்னன்’ படத்தின் பாடல் வெளியீட்டு மேடையில் கமலை எதிரே வைத்துக்கொண்டும் ‘தேவர் மகன்’ தனக்குள் உண்டாக்கிய வலியைப் பேசினார். பாட்டைச் செய்தவர்களின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. நோக்கத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதே என் வாதம்.

பாட்டுக்கு முன்பே கலவரம் இருந்ததே என்பார்கள். இருந்தது. நாடார்களின் கோயில் நுழைவு உரிமையை ஒட்டி 1899 ஜூன் 6 அன்று சிவகாசியைப் பல ஊர்களிலிருந்து திரண்ட கூட்டம் சூறையாடியது. பிற்காலத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் செய்து ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களின் முன்னோர்தான் அன்று வீடிழந்தவர்கள். 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 1957இல் தேவேந்திர குலத் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொலையும் முதுகுளத்தூர்க் கலவரமும் நடந்தபோது எந்தக் கேசட்டும் கிடையாது. நிலமும் கோயில் மரியாதையும் தேர்தல் கணக்கும் மூட்டிய பகையைப் பாட்டு படைத்தது என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழைய சண்டைகளுக்குள்ளேயே மேளம் அடித்துக்கொண்டு யார் எந்தத் தெருவழியே போகலாம் என்ற கேள்வியும் இருந்தது. பல்லக்கும் மேளமும் கேட்ட தெருவுரிமையை, ஆள் நகராமலே எடுத்துக்கொள்ளும் கருவி ஒலிபெருக்கி.

நாட்டார் கதைப்பாடல்களையும் இங்கே நினைக்க வேண்டும். பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் பெண்களை மணந்த பிராமணன் முத்துப்பட்டனின் கதையை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை பதிப்பித்தார். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்களே என்று பிற்காலத்தில் சேர்ந்த திருத்தத்தையும் அவர் எடுத்துக்காட்டினார். கேட்பவர் யார் என்று பார்த்துப் பாட்டு வளைவது நம் மரபில் பழையது. அது வளைந்ததெல்லாம் வலியவர் பக்கம் என்பதுதான் துயரம். இதற்கு மாறாக, 2021இல் தன் ‘கர்ணன்’ படத்தின் ‘பண்டாரத்தி’ பாட்டால் மனம் புண்பட்டதாக அந்தப் பெயர் சுட்டும் சமூகத்தார் முறையிட்டபோது, மாரி செல்வராஜ் அந்தச் சொல்லை ‘மஞ்சனத்தி’ என மாற்றினார். பாட்டு அதனால் செத்துவிடவில்லை. படைப்புச் சுதந்திரத்துக்கு வந்த இழுக்கு என்று அதைச் சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியாது. தன் பாட்டு போய்ச் சேரும் தெருவைத் தெரிந்தவர் எடுத்த முடிவு அது.

இன்று திருவிழாவில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகிறவர்களுக்கு, சாதியையோ மதத்தையோ கட்சியையோ தொடும் பாட்டு கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. தேவையான நிபந்தனைதான். ஆனால் சாதியைத் ‘தொடும்’ பாட்டு என்றால், 2018இல் முதல் மேடை ஏறிய, சாதி எதிர்ப்புப் பாடும் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு பாடியவையும் அதில் அடங்கும். தன் சாதியைப் போற்றும் பாட்டையும் சாதியே வேண்டாம் என்னும் பாட்டையும் ஒரே கயிற்றால் கட்டுவது சமநீதி ஆகாது. பாட்டை வைத்து அமைதி கெடும் என்ற காரணம், அதிகாரத்தைக் குத்தும் பாட்டுக்கு எதிராகவும் எளிதில் திரும்பும். மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய மக்கள் பாடகர் கோவன் 2015இல் தேசத்துரோக வழக்கில் கைதானதைப் பார்த்தோம். ஆகவே பட்டியல் போட்டுப் பாட்டைத் தடைசெய்வதை நான் கேட்கவில்லை. எந்த இடத்தில், எவ்வளவு சத்தத்தில், யாருடைய வாசலைப் பார்த்து என்பதைத்தான் காவல் நிலையமும் விழாக் குழுவும் முதலில் பேச வேண்டும். மேடைக்குப் போடும் நிபந்தனை, ஊர்வல வண்டிக்கும் தனியார் பேருந்துக்கும் பொருந்த வேண்டும். பிடிக்காத பாட்டு மேடையில் ஒலித்தால் எழுந்து போய்விடலாம். பட்டாசு ஆலைக்குப் பல ஊர் ஆட்களை ஏற்றிப் போகும் வண்டியில் பாதி வழியில் இறங்கிவிட்டால் அன்றைய கூலி போய்விடும்.