இறால் ஓட்டிலிருந்து ஓர் உறை

போர்ட் கொச்சியில் சீனவலையைப் படம் பிடிக்க வருகிறவர்கள் பக்கத்துத் தோப்பும்படி வரை போவது அபூர்வம். கொச்சியின் மீன் பணம் புரண்டது என்னவோ அந்தப் பக்கம்தான்.

முன்பெல்லாம் வெயிலே கதி. காயலில் பிடித்த இறாலை அவித்து, காயவைத்து, அடித்து ஓடு போக்கி, மூட்டை கட்டி பர்மாவுக்கு அனுப்புவார்கள். 1953-ல் மாதவன் நாயரின் கொச்சின் கம்பெனி உறையவைத்த இறாலை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றியது. பிறகு ஐஸ் பிளான்ட், குளிர்பதனக் கிடங்கு என்று ஊரே மாறிற்று. பாலித்தீன் தாளுக்குள் இரண்டு கிலோ பாளமாக உறைந்த இறால், மெழுகு பூசிய அட்டைப் பெட்டியில் ஏறியது. பிளாஸ்டிக் இந்த வியாபாரத்துக்குள் வந்தது இப்படி, ஈரமும் காற்றும் புகாமல் மூடும் வெறும் போர்வையாக. கிருமியோடு மல்லுக்கட்டுவது குளிரின் பாடு. குளிரோ கிருமிகளைக் கொல்வதை விடத் தூங்க வைப்பதே அதிகம்.

பீலிங் ஷெட்டுகளில் பெண்கள் ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போக இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, சதையைத் தட்டில் போடுவார்கள். கூலி சதைக்குத்தான். இறாலின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தலையும் ஓடும்; அது குவிந்து நாறும்.

அந்தக் குப்பையில் கண் வைத்தது, பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரிய மண்ணில் எழுந்த வில்லிங்டன் தீவில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம். தொடங்கியது 1957-ல். ஓட்டை அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு கரையும், காரத்தில் வேகவைத்தால் புரதம் போகும், மிஞ்சுவது கைட்டின். அதை இன்னும் கடுமையான காரத்தில் காய்ச்சினால் கைட்டோசான். இதன் நேர்மின்னேற்றம் பாக்டீரியாவின் எதிர்மின்னேற்றமுள்ள மேலுறையைப் பற்றிச் சிதைக்கும். நிறுவனத்து விஞ்ஞானிகள் கைட்டோசானில் இஞ்சி எண்ணெய் சேர்த்துப் படலமாக்கி, சீலா மீன் துண்டுகளைச் சுற்றி வைத்துச் சோதித்தார்கள். சுக்கு விற்றே பேர் வாங்கிய கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு இதைவிடப் பொருத்தமான கலவை கிடைக்காது!

வெள்ளியையோ துத்தநாக ஆக்சைடையோ 100 நானோமீட்டருக்கும் சிறிய துகளாக்கிப் பிளாஸ்டிக்கில் கலப்பது, உறையே கிருமியோடு மல்லுக்கட்டட்டும் என்ற இந்த யோசனையின் அடுத்த கட்டம். துகள் சிறுக்கச் சிறுக்க மொத்த மேற்பரப்பு பெருகும். ஈரம் பட்டதும் அயனிகள் கசிந்து கிருமிகளைத் தாக்கும். கொச்சி நிறுவனம் நானோ காப்பர் ஆக்சைடை மீன் வளர்ப்புக் கூண்டுகளின் பாலித்தீன் வலையில் பூசி, பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்க முயன்றது. வலையில் இருப்பது கடலோடு போகும். பொட்டலத்தில் இருப்பது மீனுக்குள் இறங்கினால்?

வாங்குகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். சுகாதாரக் குறை சொல்லி 1997-ல் இந்திய மீனை நிறுத்திவைத்த ஐரோப்பிய ஒன்றியம், 2011-ல் உணவு தொடும் பிளாஸ்டிக்குக்கு விதி வகுத்தபோது, நானோ வடிவப் பொருள் எதுவும் பெயர் சொல்லிப் பட்டியலில் ஏறாமல் சேரக்கூடாது என்றது. துத்தநாக ஆக்சைடு நானோ துகள் 2016-ல் அதில் ஏறியது. அதுவும் புற ஊதா ஒளியைத் தடுக்கும் சரக்காக, கிருமிநாசினியாக அல்ல.