போர்க்காலத்தில் முறையிட ஓர் இடம்

தங்கவயல் கோரமண்டலில் வளர்ந்தவன் நான். இலங்கைப் போர்ச் செய்தி வந்தால், "முறையிட அங்கே ஒரு இடம்கூட இல்லையா?" என்று எங்க ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். இருந்தது. மனித உரிமைகள் ஆணைக்குழு 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. காவலில் இருப்பவர்களை நேரில் போய்ப் பார்க்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

ஆனால் 2006இல், செயலிழந்து கிடந்த அரசியலமைப்புப் பேரவையின் பரிந்துரை இல்லாமலே ஜனாதிபதி உறுப்பினர்களை நியமித்தார். அதனால் 2007இல், தேசிய மனித உரிமை நிறுவனங்களின் சர்வதேச ஒருங்கிணைப்புக் குழு அதை 'ஏ' தரத்திலிருந்து 'பி' தரத்துக்கு இறக்கியது. ஐ.நா. மனித உரிமைகள் மன்றத்தில் எழுந்து பேசும் உரிமை 'ஏ' தரத்துக்கே உண்டு. ஆக, 2009இல் வன்னியில் மக்கள் மடிந்தபோது, உலக சபையில் அதற்குக் குரல் இல்லாமல் போச்சு. 'ஏ' தரம் 2018இல்தான் திரும்பியது.

வெளிநாட்டு உதவியைத் தேடுமுன், உள்நாட்டு நடுவரை யார் அமர்த்துகிறார் என்று நாம் கேட்க வேணும்.